மனு எண் என்ன?

போன இதழில் பட்டா பற்றி நாலு வரி எழுதப்போய், ஒரு துணிப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன். முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே வாக்கியம்: "பல முறை மனு கொடுத்தும் எந்தப் பலனும் இல்லை."

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: 31 வருடம் வருவாய்த் துறையில் இருந்தேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். நடுவில் 6 வருடம் கலெக்டர் ஆபீஸ் மனுப் பிரிவு. நீங்கள் எழுதுகிற மனுவைப் பிரித்துப் படித்து, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று மூலையில் எழுதுகிற ஆள் நான்தான். அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தது. எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். நாளைக்கும் அவர்கள் அதே ஜன்னல் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

*

அம்மா, என் அப்பா 2 ஏக்கர் நிலத்தை எங்கள் மூன்று பேருக்கும் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து கொடுத்தார். என் பங்குக்குத் தனிப் பட்டா கேட்டுத் திங்கள்கிழமை கலெக்டரிடம் மூன்று தடவை மனு கொடுத்துவிட்டேன். மூன்று தடவையும் "உரிய நடவடிக்கைக்காக வட்டாட்சியருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்றுதான் கடிதம் வருகிறது. கலெக்டர் கையிலேயே கொடுத்தும் இப்படியா?
(நெல் விவசாயி, டெல்டா பகுதி)

கலெக்டர் கையில் கொடுத்ததால்தான் இப்படி, ஐயா. கோபப்படாமல் கேளுங்கள்.

திங்கள்கிழமை, குறைதீர் நாள் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் போலீஸ்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவார். மண்ணெண்ணெய் பயம். உள்ளே கம்ப்யூட்டரில் மனுவைப் பதிவார்கள், ஒரு எண் விழும், அதை மனுவின் தலையில் எழுதுவார்கள். அப்புறம் வரிசை. கலெக்டர் மனுவை வாங்கி முதல் நாலு வரியில் கண்ணை ஓட்டி, பக்கத்தில் நிற்கிற அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லி, மூலையில் சுருக்கமாக எழுதிக் கீழே வைப்பார். ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். சாயங்காலம் அந்தக் கட்டு மனுப் பிரிவுக்கு வரும். அங்கே துறை வாரியாக, தாலுகா வாரியாகப் பிரிப்போம். உங்கள் மனு எந்தத் தாலுகாவிலிருந்து பஸ் ஏறி வந்ததோ, அதே தாலுகாவுக்குத் திரும்பிப் போகும். அங்கே ஒரு உதவியாளரின் தன்பதிவேட்டில், அதாவது அவர் மேசைக்கு வரும் தபால்களைக் குறிக்கிற நோட்டில், புது வரியாக ஏறும்.

நீங்கள் மூன்று தடவை கொடுத்திருக்கிறீர்கள். மூன்று வரி, மூன்று எண். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அந்த உதவியாளருக்கு நேரம் இருக்காது. ஒன்றுக்கு "விசாரணையில் உள்ளது" என்று எழுதுவார். இன்னொன்றுக்கு "முன்னரே பதில் அனுப்பப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுவார். நானும் என் கையாலேயே அப்படி முடித்த மனுக்கள் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் விண்ணப்ப எண் எங்கேயும் இல்லை. நீங்கள் கேட்பது உட்பிரிவோடு கூடிய பட்டா மாறுதல். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிய வேண்டும். பத்திரம் பதிந்தபோதே சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாகத் தாலுகாவுக்குப் போயிருக்கவும் கூடும். அப்படிப் போயிருந்தாலும் அதற்கென்று ஒரு எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து, உங்கள் பங்குக்குப் புது உட்பிரிவு எண் கொடுத்தால்தான் பட்டா பிறக்கும். கலெக்டர் நினைத்தாலும் அளக்காத நிலத்துக்குப் பட்டா போட முடியாது.

விண்ணப்ப எண் இருந்தால், அது எந்த மேசையில் நிற்கிறது என்று அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் நீங்களே பார்க்கலாம். சர்வேயரிடம் நிற்கிறதா, மேலே போய்விட்டதா, நிராகரித்துவிட்டார்களா என்று தெரியும். நிற்கிறது என்றால், அப்போது திங்கள்கிழமை போங்கள். மனுவில் ஒரே வரி போதும்: "இந்த எண்ணுள்ள விண்ணப்பம் இந்தத் தேதியிலிருந்து நில அளவர் நிலையில் நிலுவையில் உள்ளது, அளவை செய்ய உத்தரவிடக் கோருகிறேன்." அந்த ஒரு நிமிடத்தில் கலெக்டருக்குப் புரிகிற மனு அதுதான். பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து "ஏன் நிற்கிறது?" என்று கேட்க அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

நிராகரித்துவிட்டார்கள் என்றால் மனுவே வேண்டாம், மேல்முறையீடு செய்யுங்கள். 1983-ஆம் வருடப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி முதலில் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்), அதற்கும் மேலே டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்). இதைத் தள்ளிப்போடாதீர்கள். மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் மேல்முறையீட்டுக்கான நாள் ஓடிவிடும்.

இன்னொன்று. ஜூலை 1 அன்று புதுப் பசலி, அதாவது வருவாய்த் துறையின் புது வருடம், பிறப்பதற்கு முன்னால், மே, ஜூன் வாக்கில் தாலுகாவில் ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும். நம் ஜனங்கள் அதை ஏதோ அதிகாரிகள் கூட்டம் என்று விட்டுவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் உங்கள் கிராமக் கணக்கு முழுக்க மேசை மேல் இருக்கும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), சர்வேயர், தாசில்தார் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். மற்ற நாளில் நாலு இடத்தில் தேட வேண்டிய ஆட்கள் இவர்கள்.

பதில் எத்தனை நாளில் வர வேண்டும் என்று பலர் கேட்டிருந்தார்கள். 2015 செப்டம்பர் 21 தேதியிட்ட அரசாணை 99, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை. மனு கிடைத்த 3 நாளுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று சொல்கிறது. நினைவூட்டுக் கடிதம் எழுதும்போது "பார்வை" என்ற இடத்தில் இந்த அரசாணையைக் குறிப்பிடுங்கள். படிக்கிற எழுத்தர் ஒரு விநாடி நிமிர்ந்து உட்காருவார்.

*

எங்கள் தெருச் சாக்கடை பற்றி நான் எழுதிய 4 பக்க மனுவின் நகலை இணைத்துள்ளேன். ஜனாதிபதி, பிரதமர், முதலமைச்சர், கவர்னர் உட்பட 14 பேருக்கு நகல் அனுப்பினேன். ஒருவர்கூட வரவில்லை. மனுவில் என்ன தப்பு?
(ஓய்வுபெற்ற ஆசிரியை)

டீச்சர், தமிழ் பிரமாதம். சாக்கடை மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது.

முதல் பக்கத்தில் உங்கள் 34 வருடப் பணி. இரண்டாம் பக்கத்தில் முன்பு இருந்த தலைவர் எவ்வளவு நல்லவர் என்பது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதித் தருகிற ஒருவர் இருந்தார். "நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்" என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்துவிடுவார். எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவர் மனுதான் பிடிக்கும்.

14 பேருக்கு நகல் போட்டால் 13 பேர், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவார்கள். டெல்லிக்குப் போன நகல் சென்னைக்கு வந்து, அங்கிருந்து மாவட்டத்துக்கு வந்து, கடைசியில் உங்கள் ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் வரும். அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

உங்கள் மனுவை நான் இப்படி மாற்றியிருக்கிறேன். அடிபம்பு, ரேஷன் கடை எல்லாம் நீங்கள் எழுதியதுதான்.

"பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). பொருள்: பிள்ளையார் கோயில் தெரு கழிவுநீர் வாய்க்கால் தூர்வாரக் கோருதல். மேற்படி தெருவில் ரேஷன் கடை முதல் அடிபம்பு வரை சுமார் 40 மீட்டர் வாய்க்கால் மண் மூடிக் கிடக்கிறது. ஜூன் மாதம் முதல் 11 வீடுகளின் வாசலில் கழிவுநீர் தேங்குகிறது. ஊராட்சிச் செயலரிடம் எழுத்து மூலம் கொடுத்தும் பணி நடக்கவில்லை. வாய்க்காலைத் தூர்வாரித் தர வேண்டுகிறோம். இணைப்பு: புகைப்படம் 2, செயலர் தந்த ஒப்புகை 1."

கீழே 11 வீட்டுக்காரர்களின் கையெழுத்து. முடிந்தது. அடைப்புக்குறிக்குள் "கிராம ஊராட்சி" என்று போட்டதைக் கவனித்தீர்களா? ஒரே ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள். இன்னொருவர் "வட்டார ஊராட்சி". மாற்றிப் போட்டால் உங்கள் மனு அதே கட்டடத்தில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகவே ஒரு வாரம் ஆகும். சிரிக்காதீர்கள், நடக்கும்.

அதோடு கிராம சபை. வருடத்துக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து பேசினால் மட்டும் போதாது. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தெரு பெயரோடு ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உங்களைவிட வேறு யார் வேண்டும்?

*

தெருவிளக்கு எரியவில்லை என்று 1100-க்குப் போன் செய்தேன். பத்து நாள் கழித்து "தங்கள் மனு ஏற்கப்பட்டுத் தீர்வு காணப்பட்டது" என்று மெசேஜ். அதை டார்ச் வெளிச்சத்தில்தான் படித்தேன்.
(கல்லூரி மாணவர்)

தம்பி, இந்த வாரத்தின் சிறந்த கடிதம் உன்னுடையதுதான்.

1100 என்பது அரசிடம் போனில் குறை சொல்ல 2016-இல் வந்த எண். பிறகு அதன் பெயர் மாறியது, எண் மாறவில்லை. அங்கே பேசுகிறவர் உன் மனுவைப் பதிந்து துறைக்கு அனுப்புவார், அவ்வளவுதான் அவர் வேலை. துறையில் இருப்பவர் "தீர்வு" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் உனக்கு மெசேஜ் வந்துவிடும். விளக்கு எரிகிறதா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதனால் மறுபடி புதுப் புகார் கொடுக்காதே. அதே 1100-க்கு அழைத்து, பழைய எண்ணைச் சொல்லி, "வேலை நடக்கவில்லை, தவறாக முடித்திருக்கிறார்கள்" என்று பதியச் சொல். அதே புகார் மறுபடி எழுந்தால் முடித்தவர் பதில் சொல்ல வேண்டிவரும். புதுப் புகார் என்றால் அவருக்குக் கவலையே இல்லை.

எந்தத் துறைக்குப் போனது என்றும் பார். பாதித் தெருவிளக்குப் புகார்கள் மின்வாரியத்துக்குப் போய்ச் சேருகின்றன. கம்பம் அவர்களுடையது. அதில் தொங்குகிற பல்பு ஊராட்சி அல்லது நகராட்சியுடையது. மின்வாரியத்துக்காரர் "எங்களுடையது இல்லை" என்று எழுதி முடித்தால், அதுவும் உனக்குத் தீர்வாகத்தான் வரும். கரண்ட் இல்லை, கம்பி தாழ்ந்து தொங்குகிறது, டிரான்ஸ்பார்மர் பொறி பறக்கிறது என்றால் மின்னகம், 94987 94987. நீ சென்னையில் இருந்தால் தெருவிளக்கு, குப்பைக்கு மாநகராட்சியின் 1913.

கம்பத்தில் பெயின்டால் ஒரு எண் எழுதியிருப்பார்கள். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். "டீக்கடை பக்கத்தில்" என்றால் எந்த டீக்கடை என்று கேட்டே ஒரு வாரம் ஓட்டிவிடுவார்கள்.

*

தகவல் உரிமைச் சட்டத்தில் "என் அம்மாவின் முதியோர் பென்ஷனை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். "கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது" என்று பதில். இது நியாயமா?
(தையல் தொழிலாளி)

நியாயமில்லை, ஆனால் சாமர்த்தியம். நாங்கள் எல்லோரும் கற்று வைத்திருந்த சாமர்த்தியம்.

அந்தச் சட்டத்தில் கிடைப்பது காகிதத்தில் இருப்பது மட்டும். "ஏன்" என்று கேட்டால், காரணத்தை அவர்கள் புதிதாக உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. காகிதத்தைக் கேளுங்கள்: "இந்த எண்ணுள்ள ஓய்வூதியத்தை நிறுத்திய உத்தரவின் நகல், அதற்கு அடிப்படையான விசாரணை அறிக்கையின் நகல், விசாரித்த அலுவலரின் பெயர், பதவி." உங்கள் "ஏன்" அந்த அறிக்கைக்குள் தானாக இருக்கும். அனுப்ப வேண்டிய இடம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். சாதாரணத் தாசில்தார் அலுவலகம் வேறு. தப்பான இடத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது.

வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டாம், கேட்டால் சொல்லவும் வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, இப்படி மழுப்பினாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் நினைத்தால், தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். சம்பளத்திலிருந்து.

நாடு முழுக்க இந்தச் சட்டம் 2005-இல் வந்தது. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் இருந்தது, மாநிலங்களில் அதுதான் முதல். ஆனால் விதிவிலக்குகள் ஏகப்பட்டது. ஆபீஸில் நாங்கள் யாரும் அதற்குப் பயந்ததாக நினைவில்லை. 2005 சட்டத்துக்குப் பயந்தோம். நான் எப்போது பயந்தேன் என்று சொல்கிறேன்.

துணை வட்டாட்சியராக இருந்தபோது ஒரு பையனிடமிருந்து தகவல் மனு வந்தது. அப்பா இறந்து, அம்மா வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பையன் கேட்டது ஒரே கேள்வி: இந்த விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த அலுவலரிடம் இருந்தது? கோப்பைத் தேடினோம். பீரோ, ரெக்கார்டு ரூம், ஆர்.ஐ. ஆபீஸ் எங்கேயும் இல்லை. கடைசியில் என் மேசை இழுப்பறையில், வேறொரு கோப்பின் டேக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தது. 41 நாள். நான்தான் பொதுத் தகவல் அலுவலர். என் பதவிப் பெயருக்கு எதிரே "41 நாட்கள்" என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சான்று மறுநாளே போய்விட்டது. அந்த அம்மா வந்து வாங்கிக்கொண்டு "ரொம்ப நன்றி மேடம்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்தப் பையன் திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. தேதியை மட்டும் கேட்டான்.

*

ஒரு சான்றிதழுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுத்தால் நானும் குற்றவாளி என்கிறார்களே?
(பெயர், ஊர் எதுவும் வேண்டாம்)

2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், 7 நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட்டால் உங்கள் மேல் குற்றமில்லை. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை, அதுவே நல்லது. லஞ்ச ஒழிப்புத் துறையின் அலுவலகம் உங்கள் மாவட்டத்தில் இருக்கும், நேரில் போங்கள். போனில் முழுக்கதையும் சொல்ல வேண்டாம்.

அவர்கள் நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் விரலைச் சோடா கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் அந்த டம்ளரைப் பார்த்திருக்கிறேன். ரோஸ்மில்க் குடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

*

பேங்கில் என் கணக்கிலிருந்து தப்பாகப் பணம் பிடித்துவிட்டார்கள். அக்காவுக்கு பி.எஃப். வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கலெக்டருக்கு ஒரே மனு கொடுக்கலாமா?
(மில் தொழிலாளி)

கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார். ஆனால் இரண்டும் அவர் கையில் இல்லை. பி.எஃப்., ரயில்வே, பாஸ்போர்ட், தபால் எல்லாம் மத்திய அரசு. அதற்கு சிபிகிராம்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2024-இல் சொல்லியிருக்கிறார்கள். பதில் திருப்தியில்லை என்றால் அங்கேயே மேல்முறையீடும் உண்டு. பேங்குக்கு முதலில் பேங்கிலேயே எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), விவரம் கேட்க 14448. செலவு இல்லை. ஆனால் பணத்தை யாரோ ஏமாற்றி எடுத்தது என்றால் இத்தனை நாள் காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930.

*

மனுவை ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு அதிகமா?
(பட்டதாரி)

1956-இலிருந்து இங்கே ஆட்சிமொழி தமிழ். உங்கள் மனுவுக்குக் குறிப்பு எழுதப்போகிற உதவியாளர் தமிழில்தான் எழுதுவார். ஆங்கிலத்தில் கொடுத்தால் அவர் அதைத் தமிழாக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் ஆக்குவார்.

*

மனு எழுத எந்த மை?
(அதே பட்டதாரி, பின்குறிப்பில்)

நீலம் அல்லது கறுப்பு. பச்சை வேண்டாம். ஒரு தடவை ஒருவர் மனு முழுக்கப் பச்சை மையில் எழுதி, கடைசியில் "உடனே செய்து தரவும்" என்று போட்டு நீளமாகக் கையெழுத்திட்டிருந்தார். பெரிய அதிகாரிதான் உத்தரவு எழுதியிருக்கிறார் என்று நினைத்து நான் கோப்பை ஓட்டோட்டமாக நகர்த்தினேன். அவருக்கு நாலே நாளில் குடிநீர் இணைப்பு கிடைத்துவிட்டது. எனக்கு மெமோ கிடைத்தது.